பெரியப்பாவின் ஆகஸ்ட்

காரைக்காலில் ஆகஸ்ட் வந்துவிட்டதைத் தெரிந்துகொள்ள நாட்காட்டி வேண்டாம். தெருவில் புது சென்ட் வாசனை அடிக்கும். மளிகைக்கடையில் யாராவது ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு மீதி வாங்க மறந்து போவார்கள். ‘பிரான்ஸ்காரங்க வந்துட்டாங்க’ என்று அம்மா சொல்வாள். கல்யாண மண்டபங்களுக்கு அந்த மாதம்தான் கிராக்கி. ஆடி முடியும்வரை காத்திருந்து ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தைப் பிடிப்பார்கள். செப்டம்பர் முதல் வாரம் எல்லாரும் ஒரேயடியாகக் காணாமல் போய்விடுவார்கள்.

என் பெரியப்பா அப்படி வருகிறவர்களில் ஒருவர். பெரியம்மா சொல்தா வீட்டுப் பெண். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியவர்கள் எழுதிக்கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. பெரியம்மாவின் அப்பா எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தில் எங்கள் பெரியப்பா பாரிஸ் போனார். பத்தாவது பெயில். அங்கே ஒரு ரெஸ்டாரன்ட்டின் பின்கட்டில் முப்பது வருஷம் தட்டு கழுவினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஆகஸ்டில், முழுசாக ஒரு மாதம் ஊருக்கு வருவார். கடற்கரையில் நடப்பார், மதியம் தூங்குவார், திருநள்ளாறு போவார், அப்பாயிக்குக் கால் பிடித்துவிடுவார். சம்பளம் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

நான் அதே நாட்டுக்கு 2017-இல் ஆன்சைட் போனேன். பொறியியல் பட்டம், எட்டு வருஷ அனுபவம், ஊரே பேசிய சம்பளம். முதல் மூன்று வருஷத்தில் மூன்று தடவை ஊருக்கு வந்தேன். அதிகபட்சம் ஒன்பது நாள். மூன்று தடவையும் மடிக்கணினியோடு. ஒருமுறை மாங்கனித் திருவிழா நாளில் வந்திருந்தேன். பிச்சாண்டவர் வீதியுலா வருகிறார், மாடியிலிருந்து சனம் மாம்பழத்தை வீசுகிறது. நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ‘சத்தத்துக்கு மன்னிக்கணும், இங்கே ஏதோ உள்ளூர் விழா’ என்று கிளையன்ட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏதோ உள்ளூர் விழா! கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டிருந்த நாள் அது. ஊரில் வேலை பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

படித்தவர்கள், ‘ஸ்கில்டு’ என்று விசாவில் முத்திரை வாங்கியவர்கள், என் தலைமுறை மென்பொருள்காரர்கள், தட்டு கழுவியவர்களைவிட அதிகமாகப் பயப்படுகிறோம். அந்தப் பயத்துக்குத் தொழில்நேர்மை என்று பெயர் வைத்திருக்கிறோம். இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். கோபம் முதலில் என்மேல்தான்.

அப்பாயி செத்தது 2019-இல். வியாழக்கிழமை ராத்திரி செய்தி வந்தது. மனிதவளத்துறைக்கு மின்னஞ்சல் போட்டேன். இந்தியச் சம்பளப் பட்டியலில் நான் சேர்த்துவைத்திருந்த விடுப்பு, நான் திரும்பும்வரை உறைநிலையில் இருக்கிறது என்றார்கள். பிரான்ஸில்? புது ஒப்பந்தத்துக்கு மாறி ஓராண்டு முடியவில்லை, அதனால் விடுப்பு எடுக்க முடியாது என்றார்கள். பாட்டி சாவுக்கு? அந்த நாட்டுச் சட்டத்தின் பட்டியலில் தாய், தகப்பன், மாமனார், மாமியார், உடன்பிறந்தார் உண்டு, மூன்று நாள், பாட்டி இல்லை. ஆறு நாள் சம்பளமில்லா விடுப்பில் வந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எட்டாம் நாள் கிளம்பிவிட்டேன். கருமாதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

பெரியப்பா இருந்தார். அம்மா சாவுக்கான மூன்று நாளோடு தன் வருட விடுப்பைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் பெட்டி கட்டும்போது திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்.

“ஏன்டா தம்பி, உனக்குக் கோஞ்சே இல்லையா?”

“இன்னும் ஒரு வருஷம் ஆகல பெரியப்பா. அதனால எடுக்க முடியாதாம்.”

“யாரு சொன்னா?”

“ஆபீஸ்ல.”

“உன் கோந்த்ரா-ல அப்படி எழுதியிருக்கா? படிச்சியா?”

படிக்கவில்லை. லட்சக்கணக்கான வரி நிரலைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கிறவன், கையெழுத்துப் போட்ட பதினோரு பக்கத்தைப் படிக்கவில்லை. சம்பள எண் இருந்த பக்கத்தை மட்டும் புகைப்படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். பெரியப்பாவுக்குப் பிரெஞ்சு எழுதத் தெரியாது. ஆனால் தன் விடுப்பின் கணக்கை விரல்விட்டுச் சொன்னார்: மாதத்துக்கு இரண்டரை நாள், வருஷத்துக்கு முப்பது, சனிக்கிழமையும் கணக்கில் சேரும், அதனால் ஐந்து வாரம்.

விமானத்தில்தான் படித்தேன். பெரியப்பா சொன்னது சரி. பிரான்ஸில் முதல் மாதத்திலிருந்தே விடுப்பு சேருகிறது. 2016-இல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்திய பிறகு, புதிதாகச் சேர்ந்தவரும் சேர்ந்த நாட்களை அந்த வருஷமே கேட்கலாம். எந்த நாளில் என்று தீர்மானிப்பது முதலாளி கையில் இருக்கிறது; ஆனால் ஓராண்டு முடியவில்லை என்ற காரணம் செல்லாது. அதாவது எனக்கு இருபது நாளுக்கும் மேல் இருந்தது. கருமாதிக்குத் தாராளமாகப் போதும். எனக்குச் சொன்ன ஆளுக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம், நான் அவரைத் திட்டப்போவதில்லை. நான் கேட்கவில்லையே!

வெளிநாட்டு வேலை பற்றி நம்மிடையே புழங்கும் அறிவுரைகளைக் கவனியுங்கள். வாடகை எவ்வளவு, வரி எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, அரிசி எங்கே கிடைக்கும். விடுப்பு பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். இருந்தாலும் ‘லீவெல்லாம் நல்லா இருக்கும்’ என்பதோடு சரி. ஏதோ அந்த ஊர்த் தட்பவெப்பம் மாதிரி. விடுப்பு நாடு விட்டு நாடு முழுக்க மாறுகிற விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாடானாலும் நான்கு வாரத்துக்குக் குறையக்கூடாது. பிரிட்டனில் 28 நாள், ஆனால் பொது விடுமுறைகளையும் அதற்குள்ளேயே அடைக்க முதலாளிக்கு உரிமை உண்டு. இதைக் கவனிக்காமல் ‘28 நாள் லீவு’ என்று துள்ளிக் குதித்தவர்களை எனக்குத் தெரியும். சிங்கப்பூர்ச் சட்டத்தின் குறைந்தபட்சம் முதல் வருஷம் வெறும் 7 நாள். ஜப்பானில் ஆறு மாதம் கழித்து 10 நாள். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி பூஜ்யம். ஒரு நாள்கூடச் சம்பளத்தோடு விடுப்புத் தரவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை, கொடுப்பதெல்லாம் கம்பெனியின் கொள்கை. மூன்று வேலை வாய்ப்புகளை ஒப்பிடும்போது நாம் வருஷச் சம்பளத்தை 12-ஆல் வகுக்கிறோம். வேலை செய்யும் நாட்களால் வகுத்துப் பார்த்தவர் யார்?

பிரான்ஸில் என்னைப் போன்றவர்களின் ஒப்பந்தங்களில் அந்த எண் எழுதியே இருக்கும்: 218. வருஷத்துக்கு அவ்வளவு நாள்தான் வேலை. கூட்டிக் கழித்துப் பாருங்கள். 365-இல் சனி ஞாயிறு 104 போகும், விடுப்பு 25 போகும், வாரநாளில் விழும் பொது விடுமுறை ஏறக்குறைய எட்டு போகும், மிச்சம் 228. ஒப்பந்தம் 218 என்கிறது. அந்தப் பத்து நாளும் உங்களுடையது. ஆர்டிடி என்பார்கள், வாரம் 35 மணி நேரச் சட்டத்தின் குட்டி. என் குழுவில் இருந்த இரண்டு இந்திய நண்பர்கள் டிசம்பர் 31 வரை இதைத் தொடாமல் வைத்திருந்து காலாவதி ஆக்கினார்கள். ‘மேனேஜர் நம்மளப் பத்தி நல்லா நினைப்பார்.’ மேனேஜர் அப்போது பனிச்சறுக்கப் போயிருந்தார்.

இதைவிட மோசம் இரட்டை நாட்காட்டி. ஆன்சைட் போனவர்களுக்குப் புரியும். தீபாவளிக்கு நீங்கள் பாரிஸில் இருக்கிறீர்கள், ஆகவே விடுமுறை இல்லை. ஜூலை 14 அன்று பாரிஸே மூடிக் கிடக்கிறது, ஆனால் சென்னைக் குழு வேலை செய்கிறது, ஆகவே நீங்கள் இணைப்பில் வரவேண்டும். பொங்கலுக்குச் சென்னை மூடியிருக்கும், அப்போது ‘நீங்க அங்கேதானே இருக்கீங்க, கொஞ்சம் பாத்துக்குங்க’. இரண்டு நாட்டு விடுமுறையும் சேர்ந்து கிடைக்கவேண்டிய ஆளுக்கு இரண்டும் கிடைக்காது. பதிலுக்கு அலுவலகத்தில் ஒரு ‘தீபாவளி கொண்டாட்டம்’ நடக்கும். குர்தா போட்டுக்கொண்டு வரச்சொல்வார்கள், சமோசா தருவார்கள், படம் எடுத்து நிறுவனப் பக்கத்தில் போடுவார்கள். மூன்று மணிக்கு ரிலீஸ்.

அனுப்பிவைக்கப்பட்ட தொழிலாளி பற்றி ஐரோப்பாவில் 1996-இலேயே ஓர் ஆணை வந்துவிட்டது. வேறு நாட்டு நிறுவனம் தன் ஆளைத் தற்காலிகமாக அனுப்பினாலும், வந்திறங்கிய நாட்டின் வேலைநேரம், குறைந்தபட்சக் கூலி, சம்பளத்தோடு விடுப்பு ஆகியவை அவருக்கும் பொருந்தும். பிரெஞ்சுச் சட்டம் அந்தப் பட்டியலில் பொது விடுமுறையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சென்னையில் சம்பளம் வாங்கினாலும் சரி, பெங்களூரில் வாங்கினாலும் சரி. இந்தச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. ‘பெரியப்பா பிரெஞ்சுக்காரர், அதனால அவருக்கு உண்டு’ என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தட்டு கழுவுகிற இலங்கைத் தமிழருக்கும், அவர் பக்கத்தில் வெங்காயம் நறுக்குகிற மாலிக்காரருக்கும் அதே ஐந்து வாரம்தான்.

இந்த ஐந்து வாரம் யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1936 மே-ஜூனில் பிரான்ஸ் முழுக்கத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஜூன் 20-ஆம் தேதி லெயோன் ப்ளூம் அரசு இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியது. மூன்றாம் வாரம் 1956-இல், நான்காவது 1969-இல், ஐந்தாவது 1982-இல். இரண்டு ஐந்தாக நாற்பத்தாறு வருஷம்.

அந்த ஜூன் 20-க்கு நாற்பது நாள் கழித்து, அதே அரசின் கொடி பறந்த புதுச்சேரியில், சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1936 ஜூலை 30. பன்னிரண்டு பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டதும் பாரிஸ் தொழிலாளி கேட்ட மாதிரியானதுதான்: வேலைநேரத்துக்கு ஓர் எல்லை, சங்கம் வைக்க உரிமை. வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதலில் எங்களுக்குத்தான் என்று புதுச்சேரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஜூலை 30 தியாகிகள் தினத்தன்று கொடி ஏற்றுகிறவர்களில் ஒரு மென்பொருள்காரரையாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. நானும் போனதில்லை.

எங்கள் ஊருக்கு இன்னொரு கதை உண்டு, இதைவிடப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் காரைக்கால் துறைமுகத்திலிருந்து ஆட்களைக் கப்பலேற்றினார்கள். ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கு. ஒரேலி என்ற கப்பல் 1853-இல் மார்த்தினிக்கிலும் 1854-இல் குவாதலூப்பிலும் முதல் கூட்டத்தை இறக்கியது. ஐந்து வருஷ ஒப்பந்தம். 1861-இல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட உடன்படிக்கை, வாரத்தில் ஆறு நாளுக்கு மேலும் ஒரு நாளில் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்றது. ஒப்பந்தம் முடிந்தால் திரும்பும் கப்பல் செலவு இலவசம். அந்தத் தோட்டங்களில் பொங்கலுக்கு விடுப்பு விடும் வழக்கமும் இருந்தது. ரெயூனியனில் அதைப் ‘பொங்கோல்’ என்றார்கள்.

தாளில் இருந்ததெல்லாம் தோட்டத்தில் நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மொரீசியஸில் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள், ‘டபுள் கட்’ என்று அதற்குப் பெயரே இருந்தது. சவுக்கடி, கடன், திரும்பி வராத ஆயிரக்கணக்கானவர்கள். அந்த வாழ்க்கையோடு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் என் வாழ்க்கையை ஒப்பிட எனக்கு வெட்கம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு சின்ன விஷயம் உறுத்துகிறது. கூலியாட்களைக் கப்பலேற்றிய காலத்தில்கூட, கடல் தாண்டிப் போகிறவனுக்குப் பொங்கல் என்று ஒன்று உண்டு என்பது தோட்ட முதலாளிக்குத் தெரிந்திருந்தது. நான் வாங்கிய எந்த ஒப்பந்தத்திலும் அந்த வார்த்தை இல்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பிரான்ஸ் பொங்கலுக்கு விடுமுறை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதச்சார்பின்மை பேசும் அந்த நாட்டின் 11 பொது விடுமுறைகளில் ஆறு கத்தோலிக்கத் திருநாட்கள் என்பது தனி நகைச்சுவை. ஆனால் விடுமுறைப் பட்டியல் கல்வெட்டு அல்ல. எல்லையோரத்தில் வளர்ந்த எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். சின்ன வயதில் ஆகஸ்ட் 15-க்கு அடுத்த நாளும் எங்களுக்கு லீவு. வாஞ்சூர் தாண்டினால் நாகூரில் மாமா பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். ஒரே கடற்கரை, ஒரே மழை, நடுவில் ஒரு செக்போஸ்ட். சிங்கப்பூர் 1968-இல் தைப்பூசத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மொரீசியஸில் அது இன்றும் பொது விடுமுறை. பிரான்ஸிலேயே 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர், பெரும்பாலும் முதியவர்கள், செத்தபோது, பிள்ளைகள் விடுமுறைக்குப் போய்விட்டார்கள் என்று பழி போட்டார்கள். பிறகு முதியோர் பராமரிப்புக்கு நிதி திரட்டுவதாகச் சொல்லி, வருஷத்தில் ஒரு நாள் கூலியில்லாமல் வேலை செய்யவைத்தார்கள். 2025 ஜூலையில் பிரதமர் பைரூ இரண்டு விடுமுறைகளை ரத்து செய்யப் பார்த்தார். ஊரே கொதித்தது, செப்டம்பரில் அவர் பதவி போனது, அடுத்து வந்தவர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். ஒரு நாளுக்காக ஒரு தேசம் இவ்வளவு சண்டை போடுகிறது. நாம் காலாவதி ஆக்குகிறோம்.

என் நண்பன் இதைப் படித்துவிட்டுச் சொல்லப்போவது தெரியும். ‘விசா கம்பெனி கையில இருக்குடா. உனக்கென்ன, பேசுவ.’ உண்மைதான், இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவில் எச்1பி-யில் வேலை போனால் அறுபது நாள்தான். ஐரோப்பாவிலும் நிறுவனம் வழியாக அனுப்பப்பட்டவரின் அனுமதி அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. ஊரில் வீட்டுக்கடன், தங்கை கல்யாணம். பயம் கற்பனை அல்ல. ஆனால் பயப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பயப்படுவது ஒன்று, அதையே கடமையுணர்ச்சி என்று மற்றவனுக்குப் பாடம் எடுப்பது வேறு. ‘ஐரோப்பாக்காரன் சோம்பேறி, ஆகஸ்டில் ஒரு மெயிலுக்குப் பதில் வராது’ என்று சொல்லிச் சிரிக்கும் எந்த இந்தியக் குழுவிலும் நான் இருந்திருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன். 2023-இல் நாராயண மூர்த்தி வாரம் எழுபது மணி நேரம் என்றார், 2025-இல் எல் அண்ட் டி தலைவர் தொண்ணூறு என்றார். அவர்கள் முதலாளிகள், அப்படித்தான் பேசுவார்கள். கீழே கைதட்டிய பொறியாளர்களைத்தான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாம் எடுக்காமல் விடுகிற ஒவ்வொரு விடுப்பும் அடுத்து வருகிற பையனின் அளவுகோலாகிறது. ‘இந்தியர்கள் கேட்க மாட்டார்கள்’ என்று ஒரு பெயர் நமக்கு இருக்கிறது, நம்மை எடுப்பதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. பக்கத்து மேசையில் இருக்கும் பிரெஞ்சுப் பெண் தன் ஆகஸ்டைக் கேட்கும்போது அவளைச் சோம்பேறியாகக் காட்டப் பயன்படுவது நம் வருகைப் பதிவுதான். 1936-இல் உட்கார்ந்தவர்களின் பேத்திக்கு எதிராக, சவானாவில் செத்தவர்களின் ஊர்க்காரன்!

இப்போது நேரடியாக ஒரு பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கிறேன். சட்டத்தில் ஒரு வரி உண்டு: ஒரே மூச்சில் 24 வேலைநாளுக்கு மேல் விடுப்பு எடுக்கக் கூடாது, ஆனால் புவியியல் காரணம் காட்டுகிறவர்களுக்கு விலக்கு தரலாம். சொந்த ஊர் கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கான கதவு அது. பெரியப்பாதான் காட்டிக்கொடுத்தார், அவர்கள் சமையல்கட்டில் எல்லாருக்கும் அது மனப்பாடமாம். பிப்ரவரியில் விண்ணப்பித்தேன். ஆனிப் பௌர்ணமியை உள்ளே வைத்து ஐந்து வாரம், முப்பது நாளும் சேர்த்து. காரணம் என்ற இடத்தில் காரைக்கால் என்று மட்டும் எழுதினேன்.

மேலாளர் அன்று மாலையே ஒப்புதல் கொடுத்துவிட்டார். மடிக்கணினி எடுத்துப் போகிறாயா என்று கேட்டார், பாதுகாப்புப் படிவம் நிரப்பவேண்டுமாம். இல்லை என்றேன். பெரியப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ஆகஸ்ட் எல்லாம் பார்ப்பதில்லை, டிக்கெட் எப்போது மலிவோ அப்போது வருகிறார். “ஆனியில வெயில் கொல்லும்டா” என்றார்.